மில் லைனைக் காலி செய்கிறோம்

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதுகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுராந்தகத்தில் நாங்கள் வேலை பார்த்த அரிசி மில்கள் இருந்த தெரு முழுக்க ஃபிளாட் வருகிறது. பழைய புகைபோக்கியை மட்டும் அழகுக்கு விட்டுவைப்பார்களாம். அதன் அடியில் இருக்கும் எங்கள் லைன் வீடுகளை இந்த மாதமே காலி செய்ய வேண்டும்.

இன்று காலை வாடகைக்கு வீடு கேட்டு சேகரிடம் போனேன். என்னோடு மில்லில் நெல் அவித்தவரின் மகன். எங்கள் லைனில்தான் பிறந்தான். அடைமழையில் மருத்துவச்சி வர முடியாமல் போக, அவனைக் கையில் வாங்கியது என் மனைவி.

"கீழ் வூடு காலியாத்தான கீது, சேகரு?"

"கீது பெரிப்பா. பெரிம்மா எப்டி கீறாங்க?"

"படுத்த படுக்கைதான்."

தலையைச் சொறிந்தான். "தப்பா நெனைக்காத பெரிப்பா. நாளு சரியில்லாதப்ப அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, வூட்ட மாசக்கணக்குல பூட்டி வைக்கணும். அப்பால எவன் குடி வருவான்?"

"நல்ல நாளா பாத்துப் போடின்னு அவகிட்ட சொல்றேன்" என்றேன்.

சிரித்தான். வீடு மட்டும் தரவில்லை. இதற்கு முன் கேட்ட வீடுகளிலும் இதே பேச்சுதான்.

திரும்பி வந்ததும், "வூடு கெடச்சிச்சா?" என்று அவள் கேட்டாள்.

"சுண்ணாம்பு அடிச்சிகினு கீறாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு அடிப்பார்கள்?

செங்கல்பட்டு வரைக்கும் எங்கே என்றாலும் சரி, படி ஏற வேண்டாத ஒரு ரூம் இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். வசதி எதுவும் வேண்டாம். வீட்டுக்காரர் பஞ்சாங்கம் பார்க்காதவராக இருந்தால் போதும்.