ஒன்றரை மணி நேரம் பின்னால் இருந்த வாட்ச்

பழைய வாட்ச் வாங்கும்போது யாரையும் நம்பக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் விற்கிறவரை காரைக்கால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கே வரச் சொன்னேன். அவர் கொண்டுவந்த பில்லில் இருந்த எண்ணும் வாட்சின் முதுகில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. ஆனால் மணி ஒன்றரை மணி நேரம் பின்னால் இருந்தது.

"ஸ்லோவா ஓடுற வாட்சை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று எகிறினேன்.

"அது துபாய் நேரம்ங்க," என்றார் நிதானமாக.

அதையும் நம்பாமல், துபாயில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டு அங்கே மணி என்னவென்று கேட்டேன். நிமிஷம் பிசகவில்லை.

"நீங்க ஊரோட வந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னீங்களே?"

நான் வாட்சை வாங்கி, முள்ளைத் திருப்பி நம்மூர் மணிக்கு வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கையில துபாய் மணி இல்லாம, இனிமே அங்கேயே திரும்பிப் போயிடுவேன்னு சொன்னா, வீட்டுல ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க."