சோச்சா நதி பிறக்கும் இடத்துக்கு மூன்று சென்னைக்காரர்கள்

போன அக்டோபர் முதல் வாரத்தில் போன பயணம் இது. மூன்று மாத ஆபீஸ் வேலையாக நானும் ரஃபியும் சுமதியும் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருந்தோம். அங்கே வந்த நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் வார இறுதி என்றால் சுவிட்சர்லாந்துக்கு ஓடினார்கள். நாங்கள் ஸ்லோவேனியா போகிறோம் என்றதும் தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் போனிலேயே சலித்துக்கொண்டான். "சுவிட்சர்லாந்த விட்டுட்டு எங்கயோ பேர் தெரியாத ஊருக்குப் போறியே, ஒனக்கு கிறுக்கா பிடிச்சிருக்கு?"

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, சுமதி. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் கரையில் பிறந்தவள். அவளுக்குப் பதிமூன்று வயதில் அந்த வீடுகளை இடித்துவிட்டுக் குடும்பத்தை ஊருக்கு வெளியே வெகு தூரம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் ஆபீஸ் கேன்டீனில் போனை நீட்டி, பாறைக் குகைக்குள்ளிருந்து தண்ணீர் வரும் ஒரு படத்தைக் காட்டினாள். "ஆத்தங்கரையில பொறந்து வளர்ந்தவ அக்கா நான். ஒரு தபா கூட ஆத்துல கால் வெச்சது இல்ல. மூக்கப் பொத்திக்கினு பாலத்தத் தாண்டுறதோட சரி. வெச்சா இங்கதான் வெக்கணும், ஆறு ஆரம்பிக்கிற எடத்துல." அவளுக்கு அது கடைசி வார இறுதி. திங்கட்கிழமை காலை சென்னைக்கு விமானம். அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது, காரை வாடகைக்கு எடுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியா வழியாக ஸ்லோவேனியாவின் க்ரான்ஸ்கா கோரா என்ற சிற்றூர் வரை சுமார் 320 கிலோமீட்டர். ஓட்டியது திருவல்லிக்கேணி ரஃபி. வாலாஜா ரோட்டில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு அந்த ஒழுங்கான சாலை தூக்கத்தை வரவழைக்கிறது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். எல்லைக்கு அருகே வுர்ட்சன் கணவாய் வந்ததும் வாயை மூடினான். அப்படி ஒரு ஏற்றம்! கார் முதல் கியரில் முனகியது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மழை என்றால் நம்ம நவம்பர் மழை மாதிரி, விடவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்ததா என்றே தெரியாது. அங்கே எடுத்திருந்த அறையில் குக்கரில் எலுமிச்சை சாதம் கிளறிச் சாப்பிட்டோம். சுமதி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அரை மணிக்கு ஒரு தரம் ஜன்னலைப் போய்ப் பார்த்தாள், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

இனி மிச்சம் ஞாயிறு காலை மட்டும். மதியம் ஒரு மணிக்குள் கிளம்பினால்தான் காரைத் திருப்பிக் கொடுக்கவும் சுமதி பெட்டி கட்டவும் முடியும். உடனே நான் அதிகாரத்தைக் கையில் எடுத்தேன். மலை ஏறுவது என்றால் என்ன? வெயில் வருவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும். திருவண்ணாமலையானாலும் பழனியானாலும் அதுதானே வழக்கம்! ஐந்து மணிக்கெல்லாம் இரண்டு பேரையும் உலுக்கி எழுப்பிக் காரில் ஏற்றிவிட்டேன்.

வ்ரிஷிச் கணவாய் 1,611 மீட்டர் உயரம். ஏறி இறங்க ஐம்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருக்கிறார்கள். ஏறும் பக்கத்து வளைவுகளில் கல் பாவியிருக்கிறது. உச்சியில் காரை நிறுத்தி இறங்கியபோது வெளுக்க ஆரம்பித்திருந்தது. அடேயப்பா! முந்தின நாள் முழுக்க மேகத்துக்குள் ஒளிந்திருந்த மலைகள் அத்தனையும் எங்களைச் சுற்றி நின்றன. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, தலையில் புதுப் பனி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு சிகரம் மட்டும் சிவந்தது, பிறகு அடுத்தது. எப்போதும் தொணதொணக்கும் ரஃபி "யா அல்லா" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் குளிரில் பல் கிட்டிக்க, போட்டோ எடுக்க வேண்டும் என்பதே தோன்றாமல் நின்றிருந்தோம்.

அந்தப் பக்கம் இறங்கி, நாற்பத்தொன்பதாம் வளைவில் திரும்பினால் ஒரு மலைவிடுதி. அங்கிருந்து நதி பிறக்கும் இடத்துக்கு நடந்து இருபது நிமிடம். கடைசிப் பகுதியில் செங்குத்தான பாறையில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஈ காக்கை இல்லை. விடுதி ஜன்னலைத் திறந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெயிலுக்கு முன்னால் ஏறப் போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. இரண்டாம் முறை சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பாறையெல்லாம் நேற்றைய மழை உறைந்து கிடக்கிறது, இப்போது ஏறினால் உங்களை இறக்க ஹெலிகாப்டர்தான் வரும், இங்கே வெயில் வந்த பிறகுதான் ஏறுவார்கள், பத்து மணி வரை உட்காருங்கள் என்றார்.

ரஃபி என்னை ஒரு பார்வை பார்த்தான். "அக்கா, இது இன்னா மே மாசமா? ரெண்டு டிகிரி கீது. வெயில் வராதான்னு நான் ஏங்கிக்கினு கீறேன்." எல்லாருக்கும் சுடச்சுடக் காபி வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

மேலே போவதற்கு முன் திட்டமிடுபவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது. கார், பெட்ரோல், இரண்டு இரவு அறை எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சுமார் 160 யூரோ ஆனது. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் கட்டண வில்லை வாங்க வேண்டும், டவர்ன் சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம். நாங்கள் போன வழியில் ஸ்லோவேனிய நெடுஞ்சாலையைத் தொடவில்லை, அதனால் அங்கே வில்லை தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டுச் சாமான் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பனிக்காலத்தில் கணவாயையே மூடிவிடுவார்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம், கையுறை இருந்தால் புண்ணியம், கம்பி ஜில்லென்று கடிக்கும்.

பத்தே கால் வாக்கில் பாறை மேல் வெயில் விழுந்தது, அந்த அம்மா தலையசைத்தார். முன்னால் ரஃபி, நடுவில் சுமதி, பின்னால் நான். மரங்கள் முடிந்து கம்பி ஆரம்பித்த இடம் வரை சுமதி வேகமாகத்தான் வந்தாள். பாதிப் பாறையில் நின்றுவிட்டாள். கீழே தண்ணீர் இரைச்சல். "அக்கா, கால் வரல அக்கா." குரலில் அழுகை. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே போய்விட்டால் இவள் இனி எப்போது வருவாள் என்று நினைத்ததும் வார்த்தை வரவில்லை.

ரஃபி மேலிருந்து குனிந்தான். "சுமதி, காலேஜுக்குப் பெரும்பாக்கத்துலேருந்து நின்னுகினேதானே வந்த? அதே கம்பிதான். பஸ் ஓடுது, நீ புட்ச்சிகினு நிக்கிற, அவ்ளோதான் மேட்டரு. இப்ப ஒரு கால மட்டும் நவுத்து." அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு காலை நகர்த்தினாள். பிறகு அடுத்ததை.

கடைசித் திருப்பத்தைத் தாண்டினால் பாறையில் ஒரு வாய். அதற்குள் இருட்டு. அந்த இருட்டிலிருந்து, யாரும் ஊற்றாமல், சத்தமே இல்லாமல் தண்ணீர் மேலே வந்து நிறைகிறது. பச்சையா நீலமா என்று சண்டை போடலாம். நாலு ஆள் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது. நிறைந்த பிறகுதான் விளிம்பைத் தாண்டி, அவ்வளவு சத்தத்தோடு கீழே பாய்கிறது. நான் பார்த்த கோயில்கள் எதிலும் எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

சுமதி பாறை விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தாள். நான் போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். கால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அப்படியே நின்றது. அவள் தண்ணீர் பாய்ந்து போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கீழ ஊருங்க கீதுல்ல?"

"ஆமா, கடல் வரைக்கும் இருக்கு. ஏன்?"

காலை மேலே இழுத்துக்கொண்டாள். "வேணாம்க்கா."

"ஏய், இதுக்காகத்தானே வந்த!" ரஃபிக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு கால் வெச்சா இன்னா ஆயிடப் போவுது?"

"கூவத்துல எங்களுக்கு மேல இருந்தவங்கோ எல்லாரும் அப்டித்தான் ரஃபி சொல்லியிருப்பாங்கோ."

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். ஒரு வாய் இல்லை, தாகம் தீரத் தீர. நாங்களும் குடித்தோம், பல் கூசியது, நெஞ்சு வரை குளிர்ந்தது. நான் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் போனால் வெயில் வந்த பிறகு ஏறுங்கள், கம்பியை விடாதீர்கள், வேண்டும் மட்டும் குடியுங்கள். ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை நான்தான் அவளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். சுமதி ஆற்றில் கால் வைக்காமலேயே ஊர் திரும்பினாள்.