டிக் எடுத்ததும் போன பதினோரு வருஷம்

டேட்டாபேஸ் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் டேபிளைத் தப்பாகப் போடுகிறவர் ஒருத்தர், அதற்குத் திட்டு வாங்குகிறவர் இன்னொருத்தர்.

வடக்குத்து ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனி டவுன்ஷிப்பான நகரியத்தில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஆட்களின் பதிவை வைத்திருக்கும் ஒரு ஏஜென்சிக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். யாருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று அதுதான் சொல்லும். அதிலிருந்து எடுக்கும் சீனியாரிட்டி லிஸ்ட்டில் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் நிலையான வேலை.

ஒரே ஒரு கட்டம்

எங்கள் மேனேஜர், ஆட்களின் விவர டேபிளில் கான்ட்ராக்டருக்கு ஒரே ஒரு கட்டம் வைத்தார். இந்த ஊரில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டெண்டர் மாறும், கான்ட்ராக்டர் மாறுவார்; ஆள் மட்டும் அதே பிளாக்கில் அதே துடைப்பத்தோடு நிற்பார். ஒரு ஆளுக்குப் பல கான்ட்ராக்டர், ஒரு கான்ட்ராக்டருக்குப் பல ஆள். நடுவில் தனி டேபிள் வேண்டும், யார் யாரிடம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அதில் இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். மேனேஜர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், அப்பா பெர்மனென்ட். இதையெல்லாம் கவனிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. "ஒரு ஆளு ஒருத்தர்கிட்டதானேம்மா வேலை செய்வான்?"

இரண்டாவது கட்டம்

டெமோவிலேயே மானம் போனது. ஒரே ஆள் காலை ஷிஃப்ட் ஒரு கான்ட்ராக்டரிடம், மதியம் லீவு போட்டவருக்குப் பதிலாக இன்னொருவரிடம் வேலை செய்வதை ஏஜென்சி கிளார்க் கமால் பாய் எடுத்துக் காட்டினார். மேனேஜர் அசரவில்லை. 'கான்ட்ராக்டர் 2' என்று இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னார். கமால் பாய் சிரிக்காமல் கேட்டார்: "அப்ப மூணாவது டெண்டர் வந்தா ஆள வூட்டுக்கு அனுப்பிடலாங்களா சார்?"

தானாக வந்த டேபிள்

பிறகு பல ஆளுக்குப் பல கான்ட்ராக்டர் என்கிற மெனி-டு-மெனிக்கு ஒப்புக்கொண்டார், அரைகுறையாக. டேபிளுக்கும் புரோகிராமுக்கும் நடுவில் பாலம் போடும் ஓ.ஆர்.எம்.மில் ஒரே வரி எழுதினால் நடு டேபிளை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அதில் ஆள் எண், கான்ட்ராக்டர் எண் இரண்டுதான் இருக்கும். தேதிக்கு இடமில்லை. டெண்டர் தேதிகளைக் கூட்டி சர்வீஸைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்றார். நடு டேபிளை நாமே தேதியோடு எழுதலாம், அரை நாள் வேலைதான் என்று கெஞ்சினேன். கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. "அதுவே செய்யுற வேலைய நீ எதுக்கும்மா செய்யுற?"

கமால் பாயின் டிக்

ஆள் விவரப் பக்கத்தில் கான்ட்ராக்டர் பெயர்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் டிக். புது டெண்டர் வந்ததும் கமால் பாய் ஒரு பிளாக் ஆட்கள் அத்தனை பேருக்கும் பழைய டிக்குகளை எடுத்துவிட்டுப் புதியவருக்கு மட்டும் டிக் போட்டு சேவ் கொடுத்தார். டிக் இல்லாத தொடர்பையெல்லாம் ஓ.ஆர்.எம். நடு டேபிளிலிருந்து துடைத்துவிடும். அந்த சேவ் பட்டனுக்குப் பின்னால் இருந்தது நான் எழுதிய புரோகிராம். ஒரு எச்சரிக்கைகூட வைக்கவில்லை. பேக்கப்பும் சேவுக்குப் பிறகு எடுத்ததுதான். லிஸ்ட் ஒட்டிய பிறகுதான் இது வெளியே தெரிந்தது; கமால் பாயைத் திட்டலாம் என்று போனேன், முடியவில்லை. "இப்ப அவங்ககிட்ட வேலை செய்யலீங்களே மேடம், டிக் இருந்தா பொய்யாயிடாதுங்களா?"

ஐந்து அட்டைகள்

லிஸ்ட் ஒட்டிய மறுநாள் அஞ்சலை மாடியேறி வந்தார். அந்த பிளாக்கில் பதினோரு வருஷமாகத் தெரு கூட்டுகிறவர். லிஸ்ட்டில் சர்வீஸ் நான்கு மாதம் என்று இருந்தது, பெயர் கடைசியில். கையில் தேதி போட்ட ஐந்து அடையாள அட்டைகள், ஐந்து கான்ட்ராக்டர் பெயர்கள். மேனேஜர் அவரை உட்காரக்கூடச் சொல்லாமல், பழைய கான்ட்ராக்டர்களிடம் லெட்டர் வாங்கி வரச் சொன்னார். அதில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது.

அன்று நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நடு டேபிளைத் தேதியோடு எழுதி, அட்டைகளைப் பார்த்து ஐந்து வரி ஏற்றினேன். ஆனால் லிஸ்ட் மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது, இனி அடுத்த லிஸ்ட்டில்தான் பெயர் முன்னால் வரும் என்று சொல்லவேண்டியிருந்தது. அஞ்சலை அட்டைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "அஞ்சு கான்ட்ராக்டர் மாறியும் நான் அங்கயேதான் செஞ்சிகினு இருந்தேன், யாரும் அழிக்கலம்மா. படிச்ச நீங்கதான் அழிச்சீங்க."

எங்கள் சாஃப்ட்வேர் இப்போது ஒரு வருஷத்தைக்கூடத் தொலைப்பதில்லை, அஞ்சலைக்கு ஆறாவது கான்ட்ராக்டர் வந்ததைத் தேதியோடு பதிந்து வைத்திருக்கிறது.