மரக்குழலும் சரசுவின் உள்ளங்கையும்

நேற்று சாமி அறையில் ஊதுபத்தி வாசனையோடு டெட்டால் வாடையும் வந்தது. பார்த்தால், என் பழைய மரக்குழலில் மனைவி பத்தி செருகியிருக்கிறாள். ஒரு முனையைக் கர்ப்பிணியின் வயிற்றிலும் மறுமுனையை நம் காதிலும் வைத்துச் சிசுவின் துடிப்பைக் கேட்கும் குழல் அது. "சும்மாதானே கெடந்துச்சு," என்றாள். என்னைப் பற்றியும் அவள் அபிப்பிராயம் அதுதான்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. காஜா பெராங்கில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் நான் பயிற்சி டாக்டர். மீசை சரியாக முளைக்காததால் கோட்டை ஓரளவு பெரிதாகத் தைத்திருந்தேன். (இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அப்போது இருந்தது.) சரசு உஜோங் பாசிரிலிருந்து வந்தாள். முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள்.

"வெள்ளக்கார டாக்டர் இல்லையா?"

"கப்பலேறிட்டாருக்கா. இனிமே நாங்கதான்."

"நாட்ட ஒங்க கையில குடுத்துட்டாங்க, சரி. என் வயித்த எப்படி குடுக்கிறது லா?"

மூத்த தாதியை எல்லோரும் மிஸி என்போம். மிஸி அதட்டித்தான் சரசுவைப் படுக்க வைத்தார். குழலை வைத்து எண்ணினேன். "தொண்ணூறு!" என்றேன், பெருமையாக. சிசுவுக்கு நிமிடத்துக்கு நூற்று நாற்பது வாக்கில் இருக்க வேண்டும் என்பது சொன்ன பிறகே உறைத்தது. சரசுவின் முகம் வெளுத்தது. போன தடவையும் இப்படித்தான் குறையத் தொடங்கியதாம்.

மிஸி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி டாக்டர், இது ஒங்க நெஞ்சு அடிக்கிற சத்தம்."

கௌரவமான பொய் ஒன்று தேடினேன். அகப்படவில்லை. "மன்னிச்சிருங்கக்கா. பயத்துல என்னையே எண்ணிட்டேன்."

சரசு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சேன். சரி, மறுபடி வைங்க. வாயால சொல்ல வேணாம், கேக்க கேக்க இதுல தட்டுங்க." உள்ளங்கையை விரித்தாள்.

மிஸி குழலை நாலு விரற்கடை கீழே நகர்த்தினார். அடடா, ஓட்டமாக ஓடிவந்து கதவைத் தட்டுவதுபோல் அப்படியொரு துடிப்பு! என் விரலால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"இவ்ளோ வேகமாவா?"

"இதான் சரியான வேகம்கா."

கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு வாராவாரம் வந்து படுத்ததும் கையை நீட்டுவாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் நீட்டினார்கள். மிஸி எனக்குத் 'தபேலா டாக்டர்' என்று பட்டம் சூட்டினார்.

மகள் பிறந்த அன்று சரசு என் கையைக் கேட்டு வாங்கினாள். குழந்தையின் நெஞ்சில் ஒரு கை வைத்து, மறுகை விரலால் என் உள்ளங்கையில் தட்டினாள். "எண்ணுங்க டாக்டர். இந்தத் தடவயாச்சும் சரியா எண்ணுங்க."

அன்றும் எண்ணிக்கை தவறிவிட்டது. கண் கலங்கினால் கடிகாரம் தெரியாதல்லவா?

இப்போது மெஷின் அந்தத் துடிப்பை வராந்தா வரைக்கும் ஒலிபரப்புகிறது. கணக்கையும் அதுவே காட்டிவிடுகிறது, தப்பே வராது. யாரும் கையை நீட்டுவதில்லை.