கஞ்சி போட்ட கோட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சியை மருந்தில் முக்கும் அறையில் ஒருநாள் பொறி பறந்து, ஒரு தொழிலாளியின் பாலியெஸ்டர் சட்டை உருகித் தோளில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தெடுத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். திரும்பி வந்ததும் முதலாளி, "தீப்பிடிக்காத உடுப்பு இருக்காம்லா, விசாரிச்சு வாங்கிப் போடும்" என்றார். அன்றிலிருந்து நான் துணி நிபுணன்.

மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் இரண்டு மாதிரிகளோடு வந்தார். ஒன்று படு கனம். எங்கள் ஊர் வெயிலில் தீக்கு முன்னால் அதுவே ஆளை வேகவைத்துவிடும். இன்னொன்று தீயை அடக்கும் மருந்தேற்றிய பருத்தி. அவர் லைட்டரை வைத்தார்; துணி கருகியது. லைட்டரை எடுத்தார்; அணைந்துவிட்டது. "தீப்பிடிக்காதுன்னு யார்ட்டயும் சொல்லாதீங்க சார். பிடிச்சா பரவாது, அவ்வளவுதான்" என்றார். விற்க வந்தவர் இப்படிச் சொன்னதால் அவரிடமே அந்தத் துணியில் கோட்டுகள் வாங்கினேன்.

கோட்டோடு வந்த ஆங்கிலக் குறிப்பைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிளீச்சிங் பவுடர் கூடாது, கஞ்சி கூடாது, உள்ளே நைலான் கூடாது, கோட்டுக் கையை மடிக்கக் கூடாது. யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

அந்த அறையில் மருந்து முக்குபவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவர் மனைவியும் எங்களிடமே பெட்டிக்கு லேபிள் ஒட்டினார். ஒரு திங்கட்கிழமை கணவர் கோட்டு போட்டுக்கொண்டு முழங்கையை மடக்க முடியாமல் நடந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி, கையில அடியா?"

"வீட்ல தொவைச்சுக் கஞ்சி போட்டுட்டா. வெறைச்சுக்கிட்டு நிக்கி."

கோட்டைக் கழற்றச் சொல்லி, உள்மடிப்பில் விரலகலம் வெட்டி, எங்கள் குச்சியாலேயே கொளுத்தினேன். எரிந்தது. குச்சியை எடுத்த பிறகும் எரிந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்து நின்றார்.

"அடிச்சுத் தொவைச்சு, கஞ்சி போட்டு, தேச்சுக் குடுத்தேன். அதக் கொளுத்திப் பாக்குதீயளே, நல்லாருக்கா?"

"கஞ்சி தீயை இழுக்கும்மா."

"அப்ப சோறு திங்குத எங்க வயிறெல்லாம் பத்திக்கிடுமாக்கும்?"

கஞ்சி போடாத இன்னொரு கோட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிக் கொளுத்தினேன். கருகி, அணைந்தது. இரண்டையும் அந்த அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "எல்லார் கோட்டையும் இங்கன கொண்டாரச் சொல்லுங்க, நான் தொவைக்கேன்" என்றார்.

அதன்பின் கோட்டு எதுவும் ஆபீஸை விட்டு வெளியே போகவில்லை. கஞ்சிக் கோட்டை வெந்நீரில் மூன்று முறை அலசினார். அதிலும் ஒரு துண்டு வெட்டி என்னைக் கொளுத்திக் காட்டச் சொன்னார். அணைந்த பிறகுதான் புருஷனிடம் கொடுத்தார். முன்பே வீட்டில் நைலான் ஒட்டுப் போட்ட கிழிசல் கோட்டை வேறொருவர் ஒப்படைத்தபோது, அவர் கண்முன்னாலேயே அதைப் பிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகள் செருகிய சட்டங்களை இறக்கும்போது ஒன்று நழுவி விழுந்தது. மொத்தமும் ஒரே வீச்சில் பற்றியது. புகைக்குள்ளிருந்து மருந்து முக்குபவர் நடந்தே வெளியே வந்தார். கோட்டின் மார்புப் பக்கம் கரிக்கட்டையாக இருந்தது. மனைவி ஓடிவந்து அதை விலக்கி உள்ளே கையை வைத்துப் பார்த்தார். பனியன் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம்தான் கையைக் கண்டார். கோட்டுக் கையைக் கணவர் முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். இடது கை கொப்பளித்திருந்தது.

"மடிக்கக் கூடாதுன்னு செவுத்துல எழுதிருக்குல்லா? நீரு வாசிக்க மாட்டீரா?"

"வேக்காடா இருந்துச்சுட்டி" என்றார் அவர்.

அவர் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்தேன். பிறகு மூவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரி போனோம்.

புண் ஆறி ஒரு மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். அதற்குள் மனைவி எல்லாக் கோட்டுக் கைகளையும் மணிக்கட்டளவுக்குப் பிடித்து, பருத்தி நூலால் தைத்திருந்தார். இனி மடிக்க வழியில்லை. கையை நுழைக்கவே சிரமம் என்று ஆண்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். அந்த அம்மாவிடமே சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் போகவில்லை.