துரை சொன்ன ‘அவர்’

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனியில் காலையில் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்குப் பெரிய இரட்டைத் தகரக் கதவு. இடது கதவை எப்போதும் துரையே இழுப்பான். வலது கதவு அன்றைக்கு யார் முதலில் வந்தாரோ அவருக்கு. கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தாலும் சரி, பெட்டி தூக்குகிறவனாக இருந்தாலும் சரி. வெள்ளைக்காரன் கையில் துரு ஒட்டியதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். கதவு திறந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, ஜெபம் சொல்கிற மாதிரி தினமும் ஒன்றையே சொல்வான்: “அவர் கம்பெனி. அவர் கஸ்டம்.”

எனக்கு இங்கிலீஷ் கிடையாது. கிட்டங்கி வேலைக்கு மலாய் போதும். ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் தமிழ் பேசுவது இந்த நாட்டில் சாதாரணம் என்பதால், இவனும் அரைகுறைத் தமிழில் பேசுகிறான் என்று நினைத்தேன். சீமையில் இருக்கிற பெரிய முதலாளியைச் சொல்கிறான். கம்பெனி அவருடையது, கஷ்டமும் அவருடையது. நியாயமான பேச்சு, எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அவன் சொன்னதும் நானும் உரக்கச் சொல்வேன், “அவர் கம்பெனி!” துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவான்.

நாகப்பட்டினத்தில் நான் இருந்த மண்டியில் சாவி முதலாளியின் இடுப்பை விட்டு இறங்காது. அவர் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டால் ஆளுக்கொரு மூட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்போம். சத்தம் நின்றால் கையை எடுத்துவிடுவோம். எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று ஒழுகினால் அதை வைக்கோலால் மூடி, பழியை அன்றைக்கு வராதவன் மேல் போடுவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. புதிதாக வருகிறவன் ஒரு வாரத்தில் தானே கற்றுக்கொள்வான்.

இங்கே வேறு மாதிரி. பெட்டி உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்கமாட்டார்கள், எப்படி உடைந்தது என்று கேட்பார்கள். புதிதாகச் சேர்கிற கிராணியும் முதலில் கிட்டங்கியில் பெட்டி தூக்க வேண்டும். என்றைக்கோ ஆற்று வெள்ளம் கிட்டங்கிக்குள் வந்தபோது துரையும் மலாய்க் காவல்காரரும் சரக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்ற கதை ஒன்று உண்டு. அந்த வெள்ளத்தைப் பார்த்த ஆட்கள் அநேகமாக யாருமே இல்லை. ஆனாலும் எல்லாரும் தாங்களே இடுப்பளவு தண்ணீரில் நின்ற மாதிரி புதியவனுக்குச் சொல்வார்கள். “அது என் வேலை இல்லை” என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் திட்டமாட்டார்கள். “துவான் பெசார் வராருலா, வழி விடுங்க” என்று பெரிய துரைக்கு விடுவது போல ஒதுங்கி நிற்பார்கள். மறுநாள் அவன் அப்படிச் சொல்லமாட்டான். சுவரில் எழுதி ஒட்டிய சட்டம் எதுவும் கிடையாது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாருக்குப் பெரிய வேலை கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே ஆள் மாறிப் போகிறான்.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரன் தங்கம் என்று முடிவு கட்ட வேண்டாம். காலையில் எங்களோடு கதவு இழுக்கிற துரை சாயங்காலம் போகிற கிளப்பில் எங்களை வாசல் படி ஏற விடமாட்டார்கள். அந்தக் கிளப்பிலும் அவன் உறுப்பினன்.

கந்தையா வந்தது நான் சேர்ந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு. யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிடச் சின்னவன், இங்கிலீஷ் படித்தவன். வந்த சில நாளிலேயே வெள்ளக் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னான். தான் செய்த தப்பைத் தானே துரையிடம் போய்ச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது அவன் வாயில் ஓயாமல் வந்த ஒரு வார்த்தை. “எங்கட கம்பனி.” எங்கட கம்பனியில் இப்படி, எங்கட கிட்டங்கியில் அப்படி. எங்கள் பக்கத்தில் ‘எங்க வீடு’ என்றால் கேட்கிறவனுக்கு அதில் இடமில்லை. அவனையும் சேர்ப்பதென்றால் ‘நம்ம வீடு’ என்போம். அரசாங்க ஆபீஸ், ரயில்வே ஆபீஸ் எல்லாம் இந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் கையில். இப்போது கிட்டங்கியும் இவர்களுடையதா? ஒருநாள் சொல்லியே விட்டேன், “உங்க கம்பெனின்னா நீங்களே தூக்குங்க.” வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் ஒண்டியாகவே தூக்கிக்கொண்டு போனான்.

அந்தச் சமயத்தில் கிள்ளான் துறைமுகத்தில் புதுக் கிட்டங்கி கட்டினார்கள். பொறுப்பாளருக்குப் பின்பக்கத்திலேயே வீடு. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டிருந்தேன். வீடு கிடைத்தால்தான் ஊரிலிருந்து பெண்டாட்டியை அழைக்க முடியும். கந்தையாவுக்கும் அப்படியே, ஊரில் பெண் பேசி வைத்திருந்தார்கள், வீடு இருந்தால்தான் கலியாணம். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத்தான் என்று நான் மனதில் முடிவு கட்டி, அவன் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை துரை எல்லாரையும் நிற்க வைத்து இங்கிலீஷில் பேசினான். பேசிக்கொண்டே வந்து என் தோளில் கையை வைத்தான். ஒன்றும் விளங்காமல் கந்தையாவைப் பார்த்தேன்.

“கிள்ளான் உங்களுக்குத்தான் அண்ணை,” என்றான். “கதவு திறக்கேக்க ஒவ்வொரு நாளும் தன்னோட சேர்ந்து ‘அவர் கம்பெனி’ எண்டு உரக்கச் சொல்லுற ஆள் நீங்கள் ஒராள்தானாம். அங்க அப்பிடி ஒராள் வேணுமாம்.”

“ஆமா, அவரு கம்பெனின்னுதான் சொன்னேன். சீமையில இருக்கற முதலாளிய.”

கந்தையா என்னையே பார்த்தான். துரை போகும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“அது தமிழ் இல்லை அண்ணை. இங்கிலீசில ‘அவர்’ எண்டா எங்கட எண்டு அர்த்தம். கஸ்டம் எண்டா வழக்கம்.”

“எங்கடன்னா? உங்க யாழ்ப்பாணத்துக்காரங்களோடதா?”

அவன் சிரிப்பு நின்றது. “எங்கட எண்டா உங்களையும் சேர்த்துத்தான். அதுக்கு எங்களிட்ட வேற சொல் இல்லையே.”

துரையிடம் சொல்லிவிடுவாயா என்று கேட்டேன். “என்னத்தைச் சொல்ல?” என்றான். “போய்ப் பெட்டியைக் கட்டுங்கோ.” அவன் கலியாணம் தள்ளிப் போயிற்று. மறுநாள் என் சாமான்களை வண்டியில் ஏற்றியதும் அவன்தான்.

வேலை கிடைத்ததும் பொறாமை போயிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, கூடிப் போயிற்று. அவன் வார்த்தையில் வாசல் காவல் இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்காமலே பேசுகிறான். கிளப்பு வாசலில் அவனையும்தான் விடமாட்டார்கள். தெரிந்தும் ‘எங்கட’ என்கிறான். நான் வாயைத் திறக்குமுன் ‘நம்ம’வா ‘எங்க’வா என்று எடை போட்டாக வேண்டும்.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். பெண்டாட்டி வந்துவிட்டாள். இங்கேயும் துரை இரட்டைக் கதவுதான் போட்டிருக்கிறான். இடது கதவு எனக்கு. முதல் நாள் வலது கதவை இழுக்க வந்தவன் தோட்டத்திலிருந்து விலகி வந்த நாகூர்ப் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். கதவு பாதி விலகியது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ‘நம்ம கம்பெனி’ என்றால் பொய், கிளப்பு வாசலில் நமக்கு இடமில்லை. ‘எங்க கம்பெனி’ என்றால் அவனை வெளியே தள்ளினது போல. ‘எங்கட’ கந்தையாவின் வார்த்தை, என் வாயில் வராது.

“அவர் கம்பெனி,” என்றேன். “அவர் கஸ்டம்.”

“அது சரிண்ணே,” என்றான் அவன், திருப்தியாக. “அவரு கம்பெனி, அவரு கஷ்டம். நமக்கென்ன.”

நான் திருத்தவில்லை. துறைமுகத்தில் நாகப்பட்டினம் போகிற கப்பல் ஊதியது. ஆளுக்கொரு கதவைப் பிடித்தபடி இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். கதவு பாதி திறந்தபடியே நின்றது.