இசக்கிசெல்வி கேட்காத இன்டர்நெட்

அலமாரி மேல் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கியது யார்?

வல்லக்கோட்டை போகும் வழியில், லூர்தம்மாளின் வரிசை வீட்டில் குடியிருக்கும் எங்கள் யாராலும் அப்போது இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இசக்கிசெல்வியால் சுத்தமாக முடியவில்லை. ஏனென்றால், வாங்கியது அவள்தான் என்று அவளுடைய போனுக்கே மெசேஜ் வந்திருந்தது.

இசக்கிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு கட்டையும் திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, மனசு ஒப்பினால்தான் பச்சை மையால் புள்ளி வைப்பாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் கேன் வந்தால் மூடியின் சீலைத் தடவிப் பார்ப்பாள். ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் வண்டி நம்பரைப் படம் பிடித்து ஊரிலிருக்கும் தம்பிக்கு அனுப்புவாள்.

"கோயில்ல குடுக்கிற பொங்கலக்கூட எங்க அக்கா மோந்து பாத்துட்டுத்தான் வாயில போடும்" என்று ரஞ்சனி கிண்டல் செய்வாள்.

ரஞ்சனி அவளோடு அறையில் இருப்பவள். செய்யாறு பக்கம். இரண்டு வயது சின்னவள், வேறு கம்பெனியில் வேலை. இங்கே வந்த புதிதில் இசக்கிசெல்விக்கு மஞ்சள் காமாலை வந்தபோது லீவு போட்டு உட்கார்ந்து கஞ்சி கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு, "இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான்" என்று இசக்கிசெல்வி அம்மாவிடம் போனில் சொல்வாள்.

ஆனால் ஒரே அறையில் இருந்தும் இருவரும் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். ஒருத்தி வேலை முடிந்து வரும்போது மற்றவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். இசக்கிசெல்வியின் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம்; ஆனால் திரும்ப வாங்க வரிசையில் நின்றால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போவாள். அறையில் இருப்பவள் எடுத்துப் பேசிக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் இசக்கிசெல்வி பேரில்தான். கொண்டுவருகிறவர் கேட்கும் நம்பரை, அந்த நேரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மெசேஜைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் தங்கியிருக்கும் எல்லா அறைகளிலும் இதுதான் பழக்கம்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அலமாரி மேல் அந்தப் பெட்டி இருந்தது. ரஞ்சனி ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். இன்டர்நெட் போட்டிருக்கிறாள், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இசக்கிசெல்விக்கு மனசு சுருங்கியது. போனில் தேடினால் பாஸ்வேர்டு கேட்டது. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அடுத்தவள் பொருளைத் தொடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ரஞ்சனி சொல்லவே இல்லை. எதிரில் பார்த்தால்கூட முன்போல் பேசாமல், "சாம்பார் இருக்குதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகுதான் பில் மெசேஜ் வந்தது. இசக்கிசெல்வி என்ற பேருக்கு.

கஸ்டமர் கேரில் பேசிய பெண் தேனாகப் பேசினாள். "மேடம், ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலையில நீங்களே உங்க நம்பர்ல பேசி ஆர்டர் கன்பர்ம் பண்ணியிருக்கீங்க. வாய்ஸ் ரெக்கார்டு இருக்கு. ஒரு வருஷ காண்ட்ராக்ட் மேடம், நடுவுல நிறுத்த முடியாது."

"நான் பேசவே இல்லம்மா."

"ரெக்கார்டு இருக்கு மேடம்."

ஒன்பதாம் தேதி காலை. அது தனக்கு முதல் ஷிப்ட் வாரம் என்று இசக்கிசெல்வி கணக்குப் போட்டாள். அப்படியென்றால் போன் அறையில் இருந்திருக்கிறது. அறையில் இருந்தது ரஞ்சனி.

வீட்டுக்கார அம்மா லூர்தம்மாளிடம் போய் மெல்லக் கேட்டாள். பெட்டி மாட்ட வந்தவனுக்குக் கதவைத் திறந்தது யார்?

"ரஞ்சனிதான்மா. எங்கிட்ட ஏணி கூட வாங்கினு போச்சு. இன்னா, உனக்குத் தெரியாதா? ஒரே ரூம்ல கீறீங்க, நடுவுல இன்னா சொவுரு எழுப்பிக்கினீங்களா?"

இசக்கிசெல்விக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. என் பேரில் வாங்கி, என் தலையில் கட்டி, பாஸ்வேர்டையும் எனக்கு மறைத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்த கை இதைச் செய்யுமா என்று ஒரு மனம் கேட்டது. ஏணி வாங்கிக் கொடுத்திருக்கிறாளே என்று இன்னொரு மனம் சொன்னது.

அன்றிலிருந்து போனை அணைத்து, தன் துணிப்பெட்டிக்குள் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அது அவளுக்கே வினையாக முடிந்தது. காண்ட்ராக்ட்டை ரத்து செய்யச் சொல்லி அவள் கொடுத்த புகாரை விசாரிக்க, இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் அவள் ஷிப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள். போன் பூட்டிக் கிடந்தது. வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி கொடுத்தாள். மறுபடியும் மூடினார்கள்.

நேரில் போவதென்று முடிவு செய்தாள். ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கம்பெனிக்கு ஓர் அலுவலகம் இருந்தது. அந்தக் குரலை ரஞ்சனியின் எதிரிலேயே போடச் சொல்ல வேண்டும், அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். குரல் ரஞ்சனியுடையதாக இருந்தால் அன்று மாலையே அறையைக் காலி செய்துவிடுவது. ஒரகடத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் சொல்லிவைத்தாள். துணிகளை அடுக்கிப் பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

இருவருக்கும் சேர்ந்து லீவு வந்த சனிக்கிழமை, "சுடிதார் எடுக்கணும், துணைக்கு வாட்டி" என்று கூப்பிட்டாள். ரஞ்சனி ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு, என்று இசக்கிசெல்வி நினைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் ரகு என்ற பையன் இருந்தான். முதலில் ரெக்கார்டெல்லாம் போட்டுக் காட்ட மாட்டோம் என்றான்.

"நான் பேசினதா நீங்கதான சொல்லுதீங்க? என் குரலை நான் கேக்கக் கூடாதா? கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."

பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்ததும் ரகு கணினியைத் திருப்பி வைத்தான்.

"அக்கா, சுடிதார் கடை இதுதானா?" என்றாள் ரஞ்சனி.

இசக்கிசெல்வி அவள் முகத்தையே பார்த்தாள். ஓர் ஆண் குரல் கேட்டது.

"வணக்கம், இசக்கிசெல்வி மேடங்களா?"

"ம்ம்."

"ஆர்டர் கன்பர்ம் பண்ணணும் மேடம். மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறி கடகடக்கும் சத்தம் மட்டும். அப்புறம் தூக்கத்தில் குழறிய குரல் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னது.

"ஓகே மேடம். நாளைக்கு ஆள் வருவாங்க. வீட்ல இருப்பீங்களா?"

"நான் தூங்குதேன் அண்ணாச்சி... சிலிண்டரை உள்ள கொண்டாந்து வச்சிருங்க. ரஞ்சனி இருப்பா, அவ பாத்துக்கிடுவா. அவகிட்ட எதையும் நம்பிக் குடுக்கலாம்."

"தேங்க்யூ மேடம்."

ரகு வாயைப் பொத்திக்கொண்டான். பின்னால் நின்ற ஒருவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். ரெக்கார்டில் கேட்டது இசக்கிசெல்வியின் குரல். சங்கரன்கோவில் பேச்சு, அவளுடைய பேச்சேதான்.

"அந்த வாரம் நீ உன் லைன்ல இருக்கிற கனிஷ்காவோட ஷிப்ட் மாத்திக்கினு நைட்டு போனக்கா" என்றாள் ரஞ்சனி நிதானமாக. "பகல்ல அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கிக்கினு இருந்த. மறுநாள் சாயந்திரம் நீ பஸ்ஸுக்குப் போனதும் ஒருத்தன் வந்து உன் பேர்ல ஆர்டர்னு சொன்னான். நீதான் போட்டிருக்கன்னு நெனச்சி ஏணி வாங்கிக் குடுத்தேன். பாஸ்வேர்டு சொல்லுவ, சொல்லுவன்னு நானும் பாத்தேன். கூட இருக்கிறவளுக்கு இதக்கூட தர மாட்டாளான்னு எவ்ளோ நொந்துக்கினேன் தெரியுமா?"

கம்பெனியில் ஆயிரம் வயர் கட்டுகளில் ஒரு பழுதைக் கண்டுபிடிக்கிறவள், நம்பரோடு வந்த மெசேஜில் கம்பெனிப் பேரைப் படிக்கவே இல்லை. சிலிண்டர் மெசேஜ் என்று நினைத்து அழித்தும் விட்டிருக்கிறாள்.

ஆனால் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ரகு பக்கம் திரும்பினாள். "தம்பி, இதுல இன்டர்நெட்டுன்னு அந்த ஆளு ஒரு வாட்டியாவது சொன்னாரா? ஒரு வருஷம்னு சொன்னாரா? நான் சிலிண்டர் வைக்கச் சொல்லுதேன், அவரு தேங்க்யூன்னு வச்சிட்டாரு. இதுவா காண்ட்ராக்ட்?"

ரகு மேலதிகாரிக்குப் போன் செய்து, ரெக்கார்டை இன்னொரு முறை போட்டுக் கேட்க வைத்தான். பேச்சு முடிந்ததும் ரத்து செய்துவிடுகிறோம், பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், எதுவும் கட்ட வேண்டாம் என்றான். இசக்கிசெல்வி நகரவில்லை. ரத்தானதாக மெசேஜ் வந்து, அதைக் கம்பெனிப் பேரிலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்த பிறகுதான் எழுந்தாள்.

"என் பேரும் நம்பரும் அந்த ஆளுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று போகும்போது கேட்டாள். ரகு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில், ஒரகடம் தாண்டியதும் இசக்கிசெல்விதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏட்டி, என் மேல கோவமா?"

"கட்டிலுக்கடியில பை கட்டி வச்சிருக்கியே, அத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

இசக்கிசெல்வி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுவாத. பைய அவுக்கிறதுக்கு நான் கை குடுக்க மாட்டேன். கட்டினவதான் அவுக்கணும்."

அன்று சாயங்காலம் அவளே அவிழ்த்தாள். ரஞ்சனி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, "அந்த நீலச் சுடிதார மடிச்சி வைக்காத, நாளைக்கு நான் போட்டுக்கினு போறேன்" என்று அதிகாரம் செய்தாள். போன் மறுபடி அலமாரிக்கு வந்தது. ஒரே ஒரு புது வழக்கம்: யார் நம்பர் கேட்டாலும், எதற்கு என்று முதலில் அவர்கள் சொல்ல வேண்டும், மெசேஜை முழுக்க வாய்விட்டுப் படித்த பிறகுதான் நம்பர். சிலிண்டர் அண்ணன் வாசலில் நின்று சலித்துக்கொள்கிறார். சலித்துக்கொள்ளட்டும்.

இதைப் படிக்கிற நீங்கள் தயவுசெய்து இதை உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற யாராவது உங்கள் அறையில், உங்கள் பஸ்ஸில், உங்கள் லைனில் இருப்பார்கள். தூங்கி எழுந்ததும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் பேசியதாக யாராவது சொன்னால் ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள் என்பதையும், அதைக் கேட்பதற்கு முன்னால் பையைக் கட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.